நடு எஞ்சின் காரில் பெரிய எஞ்சின்: மேலூர் நாட்குறிப்பு

மாசி 4

இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, பெரும்பாலும் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், எஞ்சின் அமர்ந்திருக்கும் கார் நடு எஞ்சின் கார். காரின் பாகங்களில் மிகக் கனமானவை எஞ்சினும் கியர்பாக்ஸும். அந்தக் கனம் இரண்டு அச்சுகளுக்கும் இடையில் விழுந்தால் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி தயங்காமல் திரும்பும். பின்சக்கரங்களுக்கு நல்ல பிடியும் கிடைக்கும். பந்தயத் தடத்தில் வேரூன்றிய இந்த அமைப்பு, 1960களிலிருந்து 80களுக்குள் சாதாரண விலை ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இறங்கி வந்தது. 1966-ல் லோட்டஸ் யூரோப்பா, 1969-ல் போர்ஷ 914, 1972-ல் ஃபியட் எக்ஸ்1/9, 1984-ல் டொயோட்டா எம்ஆர்2.

இந்த நான்கிலும் ஒரு பொதுக் குறை உண்டு. சேசிஸ் தாங்கக்கூடிய வேகத்தை எஞ்சின் தரவில்லை. யூரோப்பாவில் 1470 சிசி, 914-ல் 1679 சிசி, எக்ஸ்1/9-ல் 1290 சிசி, எம்ஆர்2-ல் 1587 சிசி. ஆகவே இவற்றுக்குப் பெரிய எஞ்சின் வைக்கும் ஆசை கார் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது.

மதுரைக்கு அருகிலுள்ள மேலூரின் தெருக்களில் அன்றாடம் ஓடும் நடு எஞ்சின் வண்டி ஒன்று உண்டு: மாருதி ஆம்னி. முன்னிருக்கையைத் தூக்கினால், முன் அச்சுக்குப் பின்னால், 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின் தெரியும். ஒரு பக்கம் ரேடியேட்டர் ஹோஸ், மறுபக்கம் சைலன்சர் குழாய். ஸ்பேனரைப் பிடித்த கை முழுதாக உள்ளே போகாது. மெக்கானிக்குகள் விரல் நுனியால் நட்டைத் தேடித்தான் கழற்றுகிறார்கள். நடு எஞ்சின் அமைப்பின் முதல் பாடம் அந்த இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. இடம் மிகக் குறைவு. உள்ளே போகும் எஞ்சின் பெரிதானால் காற்றுக்கும் கைக்கும் இருந்த இடைவெளிதான் முதலில் போகும்.

மாசி 9

பெரிய எஞ்சினை முதலில் வைத்துப் பார்த்தவர்கள் தொழிற்சாலைக்காரர்களே. அவர்கள் எஞ்சினோடு வேறு எதையெல்லாம் மாற்றினார்கள் என்று கவனிப்பது, குதிரைத்திறனைக் கவனிப்பதைவிடப் பயன் தரும்.

லோட்டஸ் நிறுவனம் யூரோப்பாவில் வைத்தது ரெனோ 16-இன் எஞ்சின். ரெனோவில் அது முன்சக்கரங்களை ஓட்டியது; யூரோப்பாவில் பின்சக்கரங்களை ஓட்ட வேண்டும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அப்படியே 180 பாகை திருப்பி வைத்தால் வண்டிக்கு ஒரே ஒரு முன் கியரும் மற்றதெல்லாம் ரிவர்ஸும் கிடைக்கும். அதனால் கிரவுன் சக்கரத்தைப் பினியனின் மறுபக்கத்துக்கு மாற்றினார்கள். 1971-ல் 1558 சிசி ட்வின் கேம் எஞ்சின் வந்தபோதும் ரெனோ கியர்பாக்ஸ் நீடித்தது. மேலே எஞ்சின் மாறியது, கீழே அடித்தளம் மாறவில்லை.

இதே குடும்பத்தின் பந்தய வகையான லோட்டஸ் 47-ஐ எடுத்து, ஜிகேஎன் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்துக்காக 1960களின் இறுதியில் ரோவரின் மூன்றரை லிட்டர் அலுமினிய வி8 எஞ்சினை வைத்துக் கட்டினார்கள். 47டி என்று பெயர். அங்கே ரெனோ கியர்பாக்ஸுக்கு இடமில்லை. இசட்எஃப் ஐந்து வேக கியர்பாக்ஸ் வந்தது. சேசிஸையும் அந்த எஞ்சினுக்காகத் திருத்த வேண்டியிருந்தது.

போர்ஷ 914/6-க்கு 911டி-யின் 1991 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சின் கிடைத்தது. 80 குதிரைத்திறன் 110 ஆனது. கூடவே 911 வகை பிரேக்குகளும் ஐந்து போல்ட் சக்கரங்களும் வந்தன. 908 பந்தயக் காரின் எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்து 914/8 என இரண்டே கார்கள் உருவாகின. ஒன்று போர்ஷவின் பொறியாளர் ஃபெர்டினாண்ட் பீயெக்குக்கு, மற்றது நிறுவனத் தலைவர் ஃபெரி போர்ஷவின் அறுபதாம் பிறந்தநாளுக்கு.

இவற்றில் பின்பற்றத் தக்க வழி ஃபியட்டுடையது. 1978-ல் எக்ஸ்1/9-க்கு 1498 சிசி எஞ்சின் தந்தபோது அதே எஞ்சின் குடும்பத்திலேயே பெரியதைத் தேர்ந்தார்கள். மவுண்டிங் இடம், பெல் ஹவுசிங், குழாய்ப் பாதை எல்லாம் பெரும்பாலும் பழையபடி. நான்கு கியர் ஐந்தாகியது. குறைந்த வெட்டு ஒட்டோடு நிறைந்த பலன் தரும் வழி இது. பெரிய எஞ்சின் தேடுகிறவர் முதலில் தேட வேண்டியது அந்தக் குடும்பத்திலேயே மூத்த எஞ்சினைத்தான்.

மாசி 17

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய அனுபவம் கோவையுடையது. 1980களின் இறுதியில் கோவை எஸ். கரிவர்தன் வடிவமைத்த ஃபார்முலா மாருதி, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் மாருதி 800-இன் எஞ்சின். வீதியில் ஓடும் மலிவுக் காரின் எஞ்சினை எடுத்து, எடை குறைந்த குழாய்ச் சட்டத்தின் நடுவில் வைத்ததால் பந்தயம் சாதாரண இளைஞர்களுக்கும் எட்டும் தூரத்துக்கு வந்தது. இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் தொடங்கியது அந்தக் காரில்தான்.

கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் 2003-ல் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே திறக்கப்பட்டது. 800 சிசிக்குப் பிறகு 1300 சிசி சுஸுகி எஞ்சினோடு எல்ஜிபி ஃபார்முலா கார்கள் வந்தன. பழைய சட்டத்தில் பெரிய எஞ்சினைத் திணித்து இந்த வளர்ச்சி நடக்கவில்லை. எஞ்சின் பெரிதானபோது அதற்கென்றே புதிய காரைக் கட்டினார்கள். கோவை எடுத்த அந்த முடிவு இந்தத் துறையில் எவரும் மதித்துப் படிக்க வேண்டியது.

மாசி 23

எஞ்சினைத் தேர்ந்ததும் தராசில் வைக்க வேண்டும். கணக்குக்கு ஒரு கார்: எடை 900 கிலோ, அச்சுகளுக்கு இடையே 2.4 மீட்டர், முன்னால் 42 விழுக்காடு, பின்னால் 58 விழுக்காடு. புதிய எஞ்சின் பழையதைவிட 60 கிலோ கூடுதல். அதன் கனமையம் பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால். அந்த 60 கிலோவில் 52.5 கிலோ பின்சக்கரங்களில் இறங்கும், முன்சக்கரங்களுக்கு 7.5 கிலோதான். பின்பக்கப் பங்கு ஏறத்தாழ 60 விழுக்காடு ஆகிவிடும்.

எண்ணில் இரண்டு விழுக்காடு சிறிதாகத் தோன்றும். மேலூரிலிருந்து திருச்சி போகும் நாலுவழிச் சாலையில் அது தெரியவும் தெரியாது. சிறுமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் தெரியும். வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பாரம் முன்னால் சாயும், பின்சக்கரங்களின் பிடி தளரும், கனத்த வால் வெளியே வீசும். நடு எஞ்சின் கார் திரும்பும் வேகத்திலேயே சுழலவும் செய்யும். சாதாரண ஓட்டுநரால் பிடித்து நிறுத்த முடியாது. எஞ்சின் உயரமானதாக இருந்தால் கனமையமும் ஏறி ஆபத்து கூடும். ஆகவே குதிரைத்திறனுக்கு முன் கேட்க வேண்டியவை எடை, உயரம், கனமையம் விழும் இடம்.

பங்குனி 2

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில்தான் இந்த வேலை நிற்கிறது அல்லது விழுகிறது. இரண்டும் வேறு வேறு நிறுவனத்தவை என்றால் போல்ட் துளைகள் பொருந்தா. நடுவில் அலுமினியத் தகடு ஒன்றைக் கடைந்து வைப்பார்கள். தகடு செய்வது நல்ல லேத்துப் பட்டறைக்குக் கடினமல்ல. அதை மையத்தில் உட்கார வைப்பதுதான் கடினம். கிராங்க்ஷாஃப்டின் மையமும் கியர்பாக்ஸ் உள்தண்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும்; விலகல் 0.13 மில்லிமீட்டர் அளவுக்குள் அடங்க வேண்டும். பிளைவீலில் டயல் கேஜைப் பொருத்தி, கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று மெல்லச் சுற்றினால் முள் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று காட்டும். அந்த முள்ளை நம்பாமல் கண்ணால் பார்த்து முறுக்கிய இடங்களில் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி உடையும், உள்தண்டின் பேரிங் கத்தத் தொடங்கும்.

தகடு இன்னொரு விளைவையும் கொண்டுவரும். அது எவ்வளவு தடிப்போ அவ்வளவு தூரம் கியர்பாக்ஸ் விலகும். உள்தண்டின் முனை கிராங்கின் முனையிலுள்ள பைலட் பேரிங்கைத் தொடாமல் போகலாம். ஸ்டார்ட்டர் மோட்டாரின் பல் ரிங் கியரில் அரைகுறையாகக் கடிக்கலாம். எஞ்சின் குறுக்காகக் கிடக்கும் காரில் ஒரு பக்க ஆக்சில் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் ஆகி, சிவி ஜாயின்ட்கள் கூடுதல் கோணத்தில் சுழன்று சீக்கிரம் தேயும்.

சுழலும் திசையையும் சரிபார்க்க வேண்டும். ஹோண்டாவின் பழைய பி வரிசை எஞ்சின்கள் பெரும்பாலான எஞ்சின்களுக்கு எதிர்த்திசையில் சுழல்பவை. கே வரிசை மற்றவற்றைப் போலவே சுழலும். எக்ஸ்1/9 வைத்திருப்போர் பலர் இரண்டு லிட்டர் கே20 எஞ்சினை அதன் சொந்த கியர்பாக்ஸோடு சேர்த்தே இறக்குகிறார்கள். எடுத்த இடத்தில் அந்த இரண்டும் முன்சக்கரக் காரின் ஒரே தொகுப்பு. அதை இருக்கைக்குப் பின்னால் வைத்தால் சேர்க்கும் தொல்லை முழுதும் ஒழிகிறது. 914-ல் ஷெவர்லே வி8 வைத்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. பழைய கியர்பாக்ஸ் அந்த முறுக்குவிசைக்காகப் பிறந்ததல்ல. முதல் கியரில் அழுத்தி எடுத்தால் பற்கள் போகும்.

பல் விகிதமும் மாற வேண்டும். டயரின் சுற்றளவு 1.8 மீட்டர், மேல் கியர் விகிதம் 0.8 என்று கொண்டால், கிரவுன் பினியன் 4.3-ஆக இருக்கும்போது 100 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,185 சுற்றுச் சுற்றும். 3.6-க்கு மாற்றினால் 2,667 சுற்று போதும். சிறிய எஞ்சினுக்கு வைத்த பல்லோடு பெரிய எஞ்சினை ஓட்டினால் முதல் கியர் கண் இமைப்பதற்குள் தீர்ந்துவிடும்; நெடுஞ்சாலையிலோ இரைச்சல் தாங்காது.

பங்குனி 11

மேலூர் வெயில் ஏறிவிட்டது. குளிர்விப்பை எழுத இதைவிடப் பொருத்தமான பருவம் இல்லை. பெட்ரோல் எரிந்து தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரேடியேட்டர் வழியாக வெளியேற வேண்டும். எஞ்சின் தரும் திறன் கூடினால் அந்த வெப்பத்தின் அளவும் கூடும்.

நடு எஞ்சின் காரில் எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் பெரும்பாலும் மூக்கில். தண்ணீர் தரையடிக் குழாய்களில் போய்த் திரும்புகிறது. குழாய் மேலே ஏறிக் கீழே இறங்கும் இடமெல்லாம் காற்று தங்கும். மெக்கானிக்குகள் சொல்லும் ஏர் லாக் இதுதான். ரேடியேட்டர் நிறைந்திருப்பதாகத் தோன்றும். சிலிண்டர் ஹெட்டில் தண்ணீர் இருக்காது. வெப்பமானி முள் நீராவியை அளந்துகொண்டு சாதாரணமாக நிற்கும். கேஸ்கட் போன பிறகுதான் விஷயம் தெரியும். இதற்கு வழி, நிரப்பும் தொட்டியை முழு அமைப்பிலும் உயரமான இடத்தில் வைப்பது, ஒவ்வொரு மேட்டிலும் காற்று வெளியேறும் திருகு வைப்பது, காரின் மூக்கை ஜாக்கியில் தூக்கி நிரப்புவது.

914 காற்றால் குளிரும் கார். அதற்கு ரேடியேட்டரே கிடையாது. வி8 வைக்க வேண்டுமானால் முன்பெட்டியை வெட்டி ரேடியேட்டர் வைத்து, தரையடியில் குழாய் இழுத்து, காற்று உள்ளே வரவும் வெளியே போகவும் பாதை அமைக்க வேண்டும். வெளியேறும் வழியை மறந்தவர்களே அதிகம். புகுந்த காற்று போக இடமில்லாமல் நின்றால் எவ்வளவு பெரிய ரேடியேட்டரும் பயன்படாது.

ஓட்டி நிறுத்திய பிறகும் சிக்கல் தீர்வதில்லை. முன் எஞ்சின் காரில் வெப்பம் பானெட் இடுக்கு வழியாக ஓரளவு போய்விடும். நடு எஞ்சின் அறை நான்கு பக்கமும் சுவர் சூழ்ந்தது. சைலன்சரின் சூடு ஹோஸ்களையும் வயரிங்கையும் வேகவைக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகி மறு ஸ்டார்ட் எடுக்காது. மேலூர் போன்ற ஊருக்கு, எஞ்சினை நிறுத்திய பிறகும் சில நிமிடம் ஓடும் மின்விசிறியைத் தவிர்க்கவே கூடாது.

பங்குனி 12

எரிபொருளும் மின்சாரமும். கார்புரேட்டருக்கு 0.2, 0.3 பார் அழுத்தம் போதும். இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்கு 3 பார் வேண்டும். பழைய ரப்பர் குழாய் அதைத் தாங்காது. பம்ப், குழாய், கிளிப், தொட்டிக்குத் திரும்பும் பாதை எல்லாம் புதிதாக வேண்டும். எஞ்சினை வாங்கும்போதே அதன் ஈசியூ என்ற கட்டுப்பாட்டுக் கணினியையும் முழு வயரிங்கையும் சாவியையும் சேர்த்தே வாங்குவது அறிவு. இமொபிலைசர் சாவியை அடையாளம் காணாவிட்டால் தீப்பொறியே வராது.

எஞ்சின் பெரிதானால் பிரேக்கிலும் சமரசம் கூடாது. 914/6-க்கு போர்ஷ செய்ததே அளவுகோல்.

பங்குனி 25

கடைசியாகக் காகிதம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த 182ஏ பிரிவில், அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு. ஆகவே ஆர்டிஓ ஆபீஸில் எழுத்தில் அனுமதி வாங்காமல் முதல் போல்ட்டைத் தொடக் கூடாது.

ஐம்பது ஆண்டு கடந்த கார்களுக்கு 2021-ல் வந்த பழம்பெரும் வாகன விதிகள் 'விஏ' எழுத்துள்ள தனி எண் தருகின்றன. சேசிஸ், உடல், எஞ்சின் பெருமளவு மாறாதிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 1972-ஆம் ஆண்டு யூரோப்பாவோ 914-ஓ வைத்திருப்பவர் பெரிய எஞ்சினை வைத்தால் இந்த வாய்ப்பை இழப்பார்.

பெரிய எஞ்சின் வைத்த கார் ஓடத் தகுந்த இடம் மூடிய தடம்: கோவை செட்டிபாளையம், அல்லது சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை. மேலூரிலிருந்து லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். கழற்றிய பழைய எஞ்சினை இரும்புக் கடைக்கு விடக் கூடாது. பதிவுச் சான்றில் இருப்பது அதன் எண். சிலிண்டர்களில் எண்ணெய் விட்டு, துளைகளை அடைத்து, எண் பொறித்த பக்கம் துருவேறாமல் கிரீஸ் பூசி, பழைய மவுண்டிங்கோடும் வயரிங்கோடும் ஒரே மரப்பெட்டியில் வைத்தால், கார் என்று வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.