அப்பாவுக்கு ஒரு வாட்ச்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுக்கிட்டே இருந்த விஷயம் இது. ஆபீஸ்ல ஆணி அதிகம், தள்ளிப் போயிட்டே இருந்தது. போன வாரம் ஒரு நண்பர் போன் பண்ணி, "எங்கப்பாவுக்கு அறுபது வருது. நல்ல வாட்ச் ஒண்ணு வாங்கித் தரலாம்னு இருக்கேன். நீதான் இதுல எக்ஸ்பர்ட்டாச்சே, எது வாங்கலாம் சொல்லு"ன்னார். எக்ஸ்பர்ட்டாம்! அவர்கிட்ட சொன்ன கதையை அப்படியே உங்ககிட்டயும் சொல்லிடறேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

எங்கப்பா கும்பகோணத்துல, சோழன் போக்குவரத்துக் கழகம்னு பேர் இருந்த காலத்துல கண்டக்டரா சேர்ந்து, கடைசிப் பத்து வருஷம் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவர். டைம் கீப்பர்னா தெரியாதவங்களுக்கு: பஸ் ஸ்டாண்டுக்குள்ள ஒரு சின்ன ரூம் இருக்கும். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போச்சுன்னு குறிச்சு வைக்கிறவர் அவர்தான். "அவன் ரெண்டு நிமிஷம் லேட்டா எடுத்து என் கலெக்‌ஷனை அள்ளிட்டுப் போறான் சார்"னு முன்னாடி நிக்கிற வண்டிக்காரனைப் பத்தி பின்னாடி வண்டிக்காரன் சண்டைக்கு வருவான். தீர்ப்பு அப்பாவோட கைக்கடிகாரம்தான்.

அது ஒரு ஹெச்.எம்.டி ஜனதா. 1979ல கல்யாணத்துக்கு எங்க தாத்தா, அதாவது அவரோட மாமனார், போட்டது. அந்தக் காலத்துல மாப்பிள்ளைக்கு ஹெச்.எம்.டி போடறதுன்னா இன்னிக்கு பைக் வாங்கிக் குடுக்கற மாதிரி. 1961ல ஜப்பானோட சிட்டிசன் கம்பெனி கூட்டுல பெங்களூர்ல ஆரம்பிச்ச ஃபேக்டரி அது. 'தேசத்தின் டைம் கீப்பர்'னு விளம்பரம் பண்ணுவாங்க. அப்பா அதைச் சொல்லி, "அவன் தேசத்துக்கு, நான் கும்பகோணத்துக்கு"ன்னு சிரிப்பார். காலையில பல் தேய்ச்சு, ரேடியோவுல செய்தி ஆரம்பிக்கிற நேரத்துக்கு முள்ளைச் சரி பண்ணி, சாவி கொடுத்துட்டுத்தான் காபி. ஒரு நாள் கூட தவறினது கிடையாது.

1999ல நான் ப்ளஸ் டூ பாஸ் பண்ணப்ப எனக்கு ஒரு டைட்டன் வாங்கிக் குடுத்தார். நம்ம ஓசூர் சரக்கு. டாடாவும் தமிழ்நாடு அரசோட டிட்கோவும் சேர்ந்து 1984ல ஆரம்பிச்ச கம்பெனி. "உங்களுக்கும் ஒண்ணு வாங்கிக்கலாமே"ன்னு கேட்டேன். கையைத் திருப்பி ஜனதாவைப் பார்த்துட்டு, "இது ஓடுதே"ன்னார். அவ்வளவுதான்.

அந்த 'இது ஓடுதே' என் மனசுல அப்படியே தங்கிடுச்சு. 2023ல அவருக்கு எழுபது. திருக்கடையூர்ல பீமரத சாந்தி பண்றதுன்னு முடிவாச்சு. கையில போனஸ் பணம் இருந்தது. ஒரு நல்ல சுவிஸ் வாட்ச் வாங்கி, கோயில் வாசல்ல வச்சே அவர் கையில கட்டிடணும்னு முடிவு பண்ணிட்டேன்.

நாலு மாசம் தேடினேன் மக்களே. சும்மா இல்லை, ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் உக்காந்து படிச்சேன். 1926ல ரோலக்ஸ் தண்ணி புகாத 'ஆய்ஸ்டர்' கேஸ் கொண்டு வந்தது, 1931ல தானே சாவி ஏறிக்கிற 'பர்பெச்சுவல்' கொண்டு வந்தது, 1969ல ஒமேகா சந்திரனுக்குப் போனது எல்லாம் அத்துப்படி. ரோலக்ஸ் விலையைப் பார்த்தவுடனே மூடி வச்சுட்டேன். காசு இருந்தாலும் பேரு கொடுத்துட்டுக் காத்திருக்கணுமாம். ரேஷன் கடை தேவலை.

தங்கமணி ஒரே வரியில முடிச்சுட்டாங்க. "டைட்டன் எட்ஜ் வாங்குங்க. மெல்லிசா இருக்கும், கனம் தெரியாது. பேட்டரி போட்டா பாட்டுக்கு ஓடும். மாமாவுக்கு அதான் சரி." 2002ல அது வந்தப்ப மொத்த வாட்சும் மூணரை மில்லிமீட்டர் கனம்தான்னு ஊரே ஆச்சரியப்பட்டது எனக்கும் தெரியும். ஆனா நான் அப்ப பெரிய ஞானி ஆச்சே! "பேட்டரி வாட்ச்ல உயிர் கிடையாதும்மா"ன்னு ஆரம்பிச்சேன். அதே 1969ல, கிறிஸ்துமஸ் அன்னிக்கு, செய்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைக் கொண்டு வந்ததுல இருந்து, செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை அதிர்ற அந்தப் படிகக் கல்லால சுவிஸ்காரங்க எப்படி ஆடிப் போனாங்கங்கறது வரைக்கும் ஒரு அரை மணி நேரம் லெக்சர்.

பொறுமையா கேட்டுட்டு, "அப்ப எது சரியா மணி காட்டும்?"னாங்க.

இதுக்கு நேர்மையான பதில் சொன்னா என் கேஸ் தோத்துடும். சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் மாசத்துக்கே பதினஞ்சு செகண்டுதான் முன்னே பின்னே ஓடும். சுவிட்சர்லாந்துல சோதனை பண்ணி 'க்ரோனோமீட்டர்'னு சான்றிதழ் வாங்கின மெக்கானிக்கல் வாட்ச், ஒரு நாளைக்கே நாலு செகண்ட் பின்னே, ஆறு செகண்ட் முன்னே போகலாம். லட்சக்கணக்குல குடுத்தா நேரம் கொஞ்சம் தப்பா காட்டும். என்ன சொல்றது, "அது ஒரு கலை"ன்னு சொல்லிட்டு ரூமுக்குள்ள போயிட்டேன் :)

கடைசியா ஒரு ஆட்டோமேட்டிக் எடுத்தேன். பிராண்ட் பேர் வேணாம், விளம்பரமாயிடும். வெள்ளை டயல், நீல முள், ஸ்டீல் செயின். ரெண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. பின்பக்கம் கண்ணாடி மூடி, உள்ளே அரைவட்டமா ஒரு எடை சுத்தறது தெரியும். நாம கையை வீசி நடந்தா அது ஆடும், அது ஆடினா ஸ்பிரிங்ல சாவி ஏறும். முழுசா ஏறியிருந்தா கழட்டி வச்சாலும் ரெண்டரை நாள் ஓடும்.

திருக்கடையூர்ல அப்பா கையில கட்டினேன். அம்மா கண்ணு கலங்கிட்டாங்க. "எவ்வளவுப்பா?"ன்னார். "பதினஞ்சாயிரம்"னேன். அதுக்கே "எதுக்கு இவ்வளவு"ன்னு முணுமுணுத்தார். மெல்லிசான மணிக்கட்டு, அதுல அப்பளம் மாதிரி 40 மில்லிமீட்டர் டயல். ரெண்டு கண்ணி எடுத்தும் செயின் லூசா தொங்குச்சு. நான் அதை எல்லாம் கவனிக்கிற நிலைமையில இல்லை. பெருமையா சொன்னேன், "அப்பா, இதுக்கு சாவியே கொடுக்க வேணாம். நீங்க நடந்தாலே போதும், தானா ஓடும்."

அவர் ஒண்ணும் சொல்லலை. தலையை மட்டும் ஆட்டினார்.

மூணு மாசம் கழிச்சு போன். "தம்பி, வாட்ச் நின்னுடுச்சுப்பா. நான் தண்ணி படவே இல்லை. கீழேயும் போடலை." ஏதோ திருடி மாட்டிக்கிட்டவர் மாதிரி குரல். பொங்கலுக்குப் போனப்ப வாங்கிட்டு வந்தேன். என் கையில ஒரு வாரம் கட்டினேன், குதிரை மாதிரி ஓடுச்சு. திருப்பி அனுப்பினேன். பத்தே நாள்ல மறுபடி நின்னுடுச்சு. எனக்கு வந்துச்சே கோவம்... ரெண்டு லட்சம்! நேரா சென்னையில சர்வீஸ் சென்டருக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

அங்க இருந்த பெரியவர் பதறவே இல்லை. வாட்சை ஒரு மெஷின்ல வச்சார். டிக் டிக் சத்தத்தைக் கேட்டு அது கோடு போடுது. "நாளைக்கு மூணு செகண்ட் ஃபாஸ்ட். அருமையா இருக்கு. யார் சார் கட்டறாங்க?"

"எங்கப்பா."

"நடமாட்டம் கம்மியோ?"

"தினமும் மகாமகக் குளத்தைச் சுத்தி வாக்கிங் போறவர் சார். நாலு கிலோமீட்டர்."

அவர் கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பார்த்தார். "அப்படி நடந்தா இது நிக்காதே சார்."

வெளியே வந்து வண்டி ஸ்டாண்டுலயே நின்னு அம்மாவுக்குப் போன் போட்டேன். அப்பாவுக்குத் தெரியாம பேசுன்னு சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் எல்லாத்தையும் சொன்னாங்க. பீமரத சாந்திக்கு ரெண்டு மாசம் முன்னாடி, குளத்துக்கிட்ட தலை சுத்திக் கீழே விழுந்திருக்கார். முட்டியில நல்ல அடி. யாரோ ஆட்டோவுல ஏத்திக் கொண்டு வந்து விட்டிருக்காங்க. அதுக்கப்புறம் வாக்கிங்கே கிடையாது. ஈசிசேர், டிவி, பாத்ரூம். "பையன் வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவான், சொல்லாதேன்னாருப்பா."

ஞாயித்துக்கிழமை தவறாம பத்து நிமிஷம் போன் பேசறவன் நான். "வாக்கிங் போறீங்களாப்பா?" "போறேன் போறேன்." திருக்கடையூர்ல அவர் காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு நடந்தப்ப, காலையிலேர்ந்து மணையில உக்காந்த அலுப்புன்னு நினைச்சேன். பொங்கலுக்கு மூணு நாள் இருந்தேன், அதுல ரெண்டு நாள் லேப்டாப். நாலு மாசம் உலகத்துல இருக்கிற வாட்சை எல்லாம் பார்த்தேனே, அந்த நாலு மாசத்துல ஒரு தடவை கூட ஊருக்குப் போகலை. போயிருந்தா விழுந்தது தெரிஞ்சிருக்கும்.

அம்மா கடைசியா சொன்னதுதான் இன்னும் தொண்டையில நிக்குது. "நீ நடந்தா ஓடும்னு சொன்னியாமே. தெனமும் சாயங்காலம் சேர்ல உக்காந்துகிட்டு கையை மட்டும் இப்படி ஆட்டிக்கிட்டே இருப்பாரு. ஏங்கன்னு கேட்டா, நின்னா பையனுக்குத் தெரிஞ்சுடும்டிம்பாரு."

அன்னிக்கு ராத்திரியே பஸ் பிடிச்சேன்.

டாக்டரைப் பார்த்தோம். தலைசுத்தலுக்குக் காரணம் பிரஷர் மாத்திரையோட அளவு. அதை மாத்திக் குடுத்தார். முட்டிக்கு பிசியோதெரபி ஆரம்பிச்சோம். ஒரு மாசத்துல ஹால்ல நடந்தார், மூணு மாசத்துல தெருமுனை வரைக்கும். இப்ப கைத்தடியோட குளத்துல ஒரு பக்கம் மட்டும் போய்த் திரும்பறார். நாலு பக்கமும் சுத்தற காலம் முடிஞ்சு போச்சுன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த சர்வீஸ் சென்டர் பெரியவர் இன்னொரு விஷயமும் சொல்லி அனுப்பினார். முக்கால்வாசி ஆட்டோமேட்டிக் வாட்ச்சுக்கு கையாலயும் சாவி கொடுக்கலாம். காலையில இருபது, முப்பது சுத்து சுத்தினா போதும். இது தெரியாம நான் 'சாவியே கொடுக்க வேணாம்'னு பெருமை பேசியிருக்கேன். அப்பா நாப்பத்தி நாலு வருஷமா விடாம பண்ணிட்டிருந்த ஒரே காலை வேலையை நிறுத்தினது நான்தான். இப்ப மறுபடி பல் தேய்ச்சதும் சாவி கொடுக்கறார். ரெண்டுக்கும்! வீட்டுல ஜனதா, கல்யாணம் காட்சிக்கு சுவிஸ். ஹெச்.எம்.டி வாட்ச் கம்பெனியை மூடறதா 2016லயே மத்திய அரசு முடிவு பண்ணிட்டதால, பழைய வாட்சைக் கழட்டித்தான் பார்ட்ஸ் எடுக்கணும்னு கும்பகோணம் ரிப்பேர்காரர் சொல்றார். இருந்தாலும் ஓடுதே.

நண்பர்கிட்ட நான் சொன்னது இவ்வளவுதான். எந்த பிராண்டுன்னு அப்புறம் பார்க்கலாம், முதல்ல ஊருக்குப் போய் ரெண்டு நாள் கூட இரு. மணிக்கட்டு எவ்வளவு, கண்ணாடி இல்லாம எந்த அளவு எண்ணு தெரியுது, செயின் கொக்கியைத் தானே போட விரலுக்கு வலு இருக்கா, எவ்வளவு நடக்கறார்னு பார். நடமாட்டம் கம்மின்னா, சாவி கொடுக்க முடியாதுன்னா, பேசாம குவார்ட்ஸ் வாங்கு. மெக்கானிக்கல்னா சில வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் பண்ணணும், ஆயிரக்கணக்குல ஆகும், அதை யார் பார்த்துப்பாங்கன்னும் யோசி. தங்கமணி சொன்னா கேளு.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அன்னிக்கு விடிகாலையில வீட்டுக்குள்ள நுழைஞ்சு, "ஏம்பா பொய் சொன்னீங்க?"ன்னு நான் ஆரம்பிச்சதும், அப்பா ஈசிசேர்ல இருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"நீ மட்டும் என்னவாம்? பதினஞ்சாயிரம்னே. பக்கத்து வீட்டுப் பையன் செல்போன்ல பார்த்துச் சொல்லிட்டான். அன்னிலேர்ந்து ரெண்டு லட்சத்தைக் கையில கட்டிக்கிட்டு எனக்குத் தூக்கமே இல்லை!"