மூச்சடக்கினா நெஞ்சு என்ன செய்யும்?

இதயம்னு சொன்னதும் நம்ம மக்களுக்கு ரெண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒண்ணு காதல், இன்னொண்ணு அட்டாக் :-) ரெண்டையும் விட்டுட்டு இன்னிக்கு வேற பேசுவோம்.

நமக்கு ஊரு தூத்துக்குடி. முத்துக் குளிச்ச ஊரு. இங்க பெரிய முத்துக்குளிப்பு கடைசியா நடந்தது 1961-ல. முத்து போனாலும் சங்கு இருக்கு. திரேஸ்புரம் பக்கம் போனா சங்கு குளிக்கிறவங்களை இன்னிக்கும் பார்க்கலாம்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. சும்மா உக்காந்திருக்கும்போது இதயம் நிமிஷத்துக்கு சுமார் 70 தடவை துடிக்குது. ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லி ரத்தம். பெருக்கினா கிட்டத்தட்ட 5 லிட்டர். உடம்புல இருக்கிற மொத்த ரத்தமே அவ்வளவுதான்! எல்லா ரத்தக்குழாயையும் ஒரே நேரத்துல முழுசாத் திறந்துவிட்டா அது பத்தவே பத்தாது. எங்க ஊர்ல கோடையில தெருத்தெருவா முறைவச்சு தண்ணி விடுவாங்களே, அதே கதைதான். சின்னத் தமனிகளோட சுவர்ல இருக்கிற தசைதான் வால்வு. சாப்பிட்டா வயித்துக்கு, ஓடினா காலுக்குன்னு திருப்பி விட்டுக்கிட்டே இருக்கும்.

சரி, கடலுக்குள்ள என்ன நடக்குது? அந்தக் காலத்துல கல்லைக் கட்டிக்கிட்டு, மூச்சடக்கி, பத்துப் பாகம் வரைக்கும் இறங்குவாங்க. மேல கயிறு பிடிக்கிறது மச்சான்தான்னு ஊர்ல சொல்வாங்க. அக்கா தங்கச்சி தாலி மேல அக்கறை இருக்குமாம்!

உடம்புக்குள்ளயும் அப்படி ஒரு மச்சான் இருக்கார். மூச்சை அடக்கி முகம் குளிர்ந்த தண்ணிக்குள்ள போனதுமே, முகத்து நரம்பு மூளைத்தண்டுக்குத் தகவல் சொல்லுது. அங்கருந்து வேகஸ் நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் போடுது. துடிப்பு குறையுது. கைகால் பக்கம் போற குழாய்கள் சுருங்குது. மிச்சமிருக்கிற ஆக்சிஜன் முதல்ல மூளைக்கும் இதயத்துக்கும்தான். பெர் ஷோலாண்டர்னு ஒரு விஞ்ஞானி, ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டாரஸ் நீரிணையில முத்துக் குளிக்கிறவங்களை ஆராய்ஞ்சு 1962-ல இதை எழுதியிருக்கார்.

எனக்குத் தெரிஞ்ச தாத்தா ஒருத்தர், வாலிபத்துல மூச்சடக்கி சங்கு எடுத்தவர். ஷோலாண்டரையெல்லாம் அவருக்குத் தெரியாது. "கீழ போனா நெஞ்சு அமைதியாயிரும்ப்பா. மேல வந்த பொறவுதான் படபடன்னு அடிக்கும்"னார். அவ்வளவு பெரிய ஆராய்ச்சி ரெண்டே வரியில!

அவரோட பேரன் இப்ப கம்ப்ரசர்ல போறான். படகுல மெஷின், வாயில டியூப். "தம் பிடிக்கணும்ல, என்ன ஆனாலும் சடக்குன்னு மேல வந்துரணும்"னு தாத்தா அவனுக்குச் சொல்லிக் குடுக்கார். எனக்கு பகீர்னுச்சு. ரெண்டுமே அந்தக் காலத்து முறைக்குச் சரி. கம்ப்ரசருக்கு ரெண்டுமே எமன்.

ஏன்னா ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுது. அந்த அழுத்தத்துல சுவாசிக்கிற காத்துல உள்ள நைட்ரஜன் ரத்தத்துல கரையும். கோலி சோடாவை டப்புனு உடைச்சா என்ன ஆகும்? அதேதான். வேகமா மேல வந்தா ரத்தத்துல குமிழி. அது குழாயை அடைச்சா மூட்டுவலி, கால் மரத்துப்போறது, சில சமயம் பக்கவாதம். மூச்சை அடக்கிக்கிட்டே மேல வந்தா இன்னும் மோசம். நுரையீரல்ல உள்ள காத்து விரிஞ்சு, கிழிச்சுக்கிட்டு, ரத்தத்தோட நேரா மூளைக்கே போயிரும்.

மூச்சடக்கிப் போறவனைக் காப்பாத்த உடம்புக்குத் தெரியும். டியூப்ல போறவனைக் காப்பாத்த அதுக்குத் தெரியாது. அங்க வேகஸ் மச்சான் கயிறு பிடிக்க மாட்டார். நாமதான் பிடிக்கணும்.

இதையெல்லாம் தாத்தாகிட்ட சோடா கதையா சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. பொறவு பேரனைக் கூப்பிட்டு, "ஏல, இவன் சொல்லுறதைக் கேளு"ன்னார்.

பி.கு: கம்ப்ரசர்ல போயிட்டு வந்தபிறகு மூட்டுவலியோ மரமரப்போ வந்தா 'வாதம்'னு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு வீட்டுல படுக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போயி, கடலுக்குள்ள போனதைச் சொல்லுங்க. ஆக்சிஜனும் அழுத்த அறை சிகிச்சையும்தான் அதுக்கு மருந்து. தெரிஞ்சவங்க யாராவது இந்தத் தொழில்ல இருந்தா சொல்லி வைங்க மக்கா.