பழைய படங்களை முழுசாகப் பார்ப்போம்

பழைய தமிழ்ப் படங்கள் இப்போது நமக்குத் துண்டு துண்டாகவே வந்து சேருகின்றன. கைப்பேசியைத் திறந்தால் ஒரு நகைச்சுவைக் காட்சி, அதன் கீழே ஒரு பாட்டு, அதற்கும் கீழே ஒரு நீதிமன்ற வசனம். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாகேஷைத் தெரியும், டி.எஸ். பாலையாவைத் தெரியும், அவர்கள் நடித்த படத்தின் கதை தெரியாது. அதனால் கொஞ்ச காலமாக ஞாயிறு மதியங்களில் அவர்களோடு உட்கார்ந்து, பெயர் ஓடுவதிலிருந்து 'வணக்கம்' போடும்வரை பழைய படங்களைப் பார்த்துவருகிறேன். நன்றாகத் தெரிந்த படங்களே எனக்குப் புதிதாகத் தெரிகின்றன.

ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை அறியாத தமிழர் குறைவு. தனியாகப் பார்த்தால் அது நாகேஷின் அமர்க்களம். படத்தோடு சேர்த்துப் பார்த்தால் அதில் பாதி பாலையாவுடையது. பணத்தை வைத்தே ஆளை எடைபோடும் எஸ்டேட் முதலாளியாக அவரை நாம் பழகிவிட்டோம். அந்த மனிதர் தன் மகனாக வரும் நாகேஷ் எழுப்பும் சத்தங்களுக்குப் பயந்து வெலவெலத்துப் போகும்போதுதான் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து வருகிறது.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) இன்னும் நல்ல சாட்சி. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ.பி. நாகராஜன் படமாக்கினார். நாட்டியக்காரி மோகனா மேடையில் ஆடியபடியே, நாகஸ்வர வித்வான் சண்முகசுந்தரத்தின் (சிவாஜி) உடல்நலம் கேட்கும் பாட்டைத் தொலைக்காட்சியில் எத்தனையோ முறை பார்த்திருப்போம். அவர் கத்திக்குத்துப் பட்டுப் பிழைத்து வந்திருக்கிறார், அவரை நேரில் பார்த்து விசாரிக்க அவளுக்கு வழியில்லை, அத்தனை பேர் நடுவிலும் பாட்டு ஒன்றுதான் வாய்ப்பு என்பதெல்லாம் முழுப்படம் பார்த்தவருக்கே நெஞ்சில் ஏறும். மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரம் அங்கே பதிலாகவே ஒலிக்கிறது. மனோரமாவின் ஜில்ஜில் ரமாமணியும் அப்படித்தான். துணுக்கில் அவள் வேடிக்கைப் பாத்திரம். படத்தில் பிரியம் நிறைந்த ஒரு மனுஷி.

அந்தக் காலத்துக் காட்சிகள் நீளமாக இருந்ததற்குக் காரணங்கள் உண்டு. பிலிம் விலை உயர்ந்தது. ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் கேமராவை ஓடவிடுவார்கள். சிவாஜியும் பாலையாவும் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். நாகேஷும் மேடையிலிருந்து வந்தவர். ஒரு காட்சியை வெட்டாமல் தாங்கிப் பிடிக்க அவர்களால் முடிந்தது. பார்ப்பவரும் மூன்று மணி நேரத்தை ஒதுக்கிக்கொண்டே கொட்டகைக்குள் நுழைந்தார்.

ஆனால் பழைய படம் என்றாலே நீண்ட வசனமும் பாட்டும்தான் என்று நினைப்பது சரியில்லை. எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. தொடக்கத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். பிறகு ஒவ்வொருவர் வாய்வழியாகவும் அந்த மனிதனைத் தெரிந்துகொள்கிறோம். இன்று எடுத்தாலும் துணிச்சலான முயற்சியாகவே அது இருக்கும்.

1977-இல் பாரதிராஜாவின் '16 வயதினிலே' கேமராவை ஸ்டுடியோவிலிருந்து கிராமத்து மண்ணுக்குக் கொண்டுபோனது. இரண்டு ஆண்டுகளில் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' வந்தது. பேச்சு குறைந்தது, இளையராஜாவின் இசையும் அசோக்குமாரின் ஒளிப்பதிவும் பேசின. அதன் இறுதிக் காட்சியில் ஊரே சேர்ந்து, கொடுமைக்காரனான சுந்தரவடிவேலுவை ஆற்றுக்குள் இறங்கவைக்கிறது. நல்லவர்களான உங்களையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேனே என்ற பொருளில் அவன் பேசுகிறான். அந்த ஊரின் சாதுவான மனிதர்களோடு இரண்டு மணி நேரம் வாழ்ந்திருந்தால்தான் அந்தப் பேச்சின் கனம் புரியும். அனாதையாகும் பிள்ளைகளின் முகமும் அப்போதுதான் நம்மை விடாது.

முழுசாகப் பார்க்கும்போது குறைகளும் சேர்ந்தே வரும். அவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். 'பட்டிக்காடா பட்டணமா' (1972) வெளிநாட்டில் படித்த மனைவியை அடக்கி வழிக்குக் கொண்டுவருவதைக் கொண்டாடியது, மக்களும் கொண்டாடினார்கள். என் பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை அதைப் பார்த்து முகம் சுளித்தாள். அவள் சுளித்தது நியாயம். ஆனால் ஆறே ஆண்டுகளில் ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' இதே தமிழில் வந்து, ஒரு பெண்ணின் கசப்பைக் காது கொடுத்துக் கேட்டது. ஒரு காலத்துக்குள்ளேயே இப்படி ஒரு வாதம் நடந்திருப்பதைத் துணுக்குகள் காட்டாது.

இன்றைய சினிமாவை நான் குறைத்துப் பேசவில்லை. பழைய படங்கள் ஓரத்தில் நிறுத்தியவர்களை இன்றைய இயக்குநர்கள் நடுவில் நிறுத்துகிறார்கள். மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) முடிவில் இரண்டு தேநீர்த் தம்ளர்கள், நடுவே ஒரு பூ. அந்த ஒரு ஷாட்டுக்காகவே முழுப்படத்தையும் பார்க்கலாம்; முழுப்படத்தையும் பார்க்காமல் அந்த ஷாட் விளங்காது. டிஜிட்டல் வந்தபின் பிலிம் செலவு என்ற கவலை போய்விட்டது. ஆனால் பார்ப்பவர் விரலால் தள்ளிவிடுவாரோ என்ற பயம் இப்போது பல படங்களின் ஒவ்வொரு நிமிடத்திலும் தெரிகிறது. அந்தப் பயத்தைப் போக்குவது பார்வையாளர்களாகிய நம் கையில் இருக்கிறது.

1964-இல் வந்த 'கர்ணன்' 2012-இல் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குக்குத் திரும்பியபோது, அதன் நீளத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஜனங்கள் குடும்பத்தோடு போனார்கள். பொறுமை நம்மிடம் தீர்ந்துவிடவில்லை.

தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) ஒரு பிரதிகூட மிஞ்சாமல் அழிந்துவிட்டது. அதை இனி யாரும் பார்க்க முடியாது. மிஞ்சியிருக்கும் படங்களையாவது, வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதலிலிருந்து கடைசிவரை பாருங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.