ஆட்டுக்குத் தேதி உண்டு, வீட்டுக்கு?

வெள்ளாடு வளர்ப்பவர்களுக்கு இது கைவந்த வேலை. ஆட்டின் கீழ் இமையைப் பெருவிரலால் மெல்ல இழுத்துப் பார்ப்பார்கள். உள்ளே நல்ல சிவப்பாக இருந்தால் கவலையில்லை. வெளிறிப்போயிருந்தால் வயிற்றில் புழு ரத்தம் குடிக்கிறது என்று அர்த்தம். தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்கினால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. ஹீமாங்கஸ் என்ற புழு ஆட்டின் நான்காம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு செய்கிற வேலை அது. தென்னாப்பிரிக்காவில் இந்த இமைச் சோதனையை ‘ஃபமாச்சா’ என்று வண்ண அட்டையாகவே அச்சிட்டு, எந்த ஆட்டுக்கு மருந்து தேவை என்று முடிவு செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். நம் ஊர்ப் பெண்கள் அட்டை இல்லாமலே அதைச் செய்கிறார்கள்.

அதே கை, வீட்டில் இருப்பவர்களின் இமையை இழுத்துப் பார்ப்பதில்லை.

சாத்தூர் பக்கம் ஒரு மானாவாரி கிராமம். அங்கே நாற்பதைத் தொட்ட ஒரு பெண். ஒன்றரை ஏக்கர் நிலம், எட்டு வெள்ளாடுகள். மழை பெய்தால் மக்காச்சோளமும் உளுந்தும். மற்ற நாட்களில் காலையில் ஆலை வேன் ஏறி, பட்டாசு ஆலையில் சரம் பின்னும் வேலை. மழைக்கு முன்னும் பின்னும் ஆட்டுக்குப் புழு மருந்து ஊற்றும் தேதியை, சுவரில் தொங்கும் சிவகாசி காலண்டரில் பேனாவால் வட்டமிட்டு வைப்பார். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

அவருக்கு இரண்டு வருடமாக அசதி. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். மதியத்துக்கு மேல் கண் சொருகும். மேல் வயிற்றில் எரிச்சலும் வலியும் வந்து வந்து போகும். ‘அல்சராத்தான் இருக்கும்’ என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டார். யாருக்கும் தெரியாமல் பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்பார். அடுப்புச் சாம்பல்கூட வாய்க்கு ருசித்தது. “பட்டாசு வேலைக்குப் போனா உடம்பு அப்படித்தான் இருக்கும் தாயி” என்று மாமியார் சொல்ல, அவரும் அப்படியே நம்பினார். எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால், பின்னுகிற சரம் குறையக் குறைய வாரக் கூலியும் குறைந்தது.

ஊருக்கு வந்த மருத்துவ முகாமில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.1. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டும். மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டைகள் தெரிந்தன.

உள்ளங்கால் வழியே வரும் விருந்தாளி

உருளைப்புழுவும் சாட்டைப்புழுவும் வாய் வழியாக வருபவை. மண் ஒட்டிய கை, கழுவாத காய்கறி, மூடாத தண்ணீர் ஆகியவற்றின் மூலம் அவற்றின் முட்டைகள் உள்ளே போகும். கொக்கிப்புழு பெரும்பாலும் கால் வழியாக வருகிறது. திறந்தவெளியில் கிடக்கும் மலத்திலுள்ள முட்டை, ஈரமும் நிழலும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் பொரிக்கும். ஐந்து முதல் பத்து நாளில் அந்தக் குஞ்சுப்புழு தோலைத் துளைக்கும் பக்குவத்துக்கு வந்துவிடும். வெறுங்கால் பட்டதும் தோலுக்குள் இறங்கி, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டு, கடைசியில் சிறுகுடலில் பல்லைப் பதிக்கும். நுழைந்த இடத்தில் நமைச்சலும் சிறு கொப்புளமும் வரும். சேற்றுப்புண் என்று மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டு மறந்துவிடுவார்கள்.

‘நம்முடையது வெயில் பூமி, புழு எங்கே பிழைக்கும்?’ என்று விருதுநகர் மாவட்டத்தில் கேட்பார்கள். பாதி நியாயம்தான். காய்ந்து வெடித்த கரிசலில் கொக்கிப்புழுக் குஞ்சு தாங்காது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஓடைக்கரை மணலும், கண்மாய்க்கரையும், சீமைக்கருவேல மரத்தடியும் வாரக்கணக்கில் ஈரமாக இருக்கும். மறைவு தேடிப் பெண்கள் ஒதுங்குவதும் அதே கருவேலங்காட்டு நிழலில்தான். நல்ல ஈரமும் நிழலும் இருந்தால் குஞ்சுப்புழு மூன்று, நான்கு வாரம் உயிரோடு காத்திருக்கும்.

ஒரு கொக்கிப்புழு ஒரு நாளில் குடிப்பது, அதன் இனத்தைப் பொறுத்து, 0.03 முதல் 0.2 மில்லி ரத்தம். குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும், நூறு புழு இருந்தால் நாளைக்கு 3 மில்லி, மாதம் 90 மில்லி, நான்கு மாதத்தில் 360 மில்லி. ரத்ததான முகாமில் ஒருவரிடம் ஒரு தடவைக்கு எடுப்பதே 350 மில்லிதான். பெண்கள் 4 மாதத்துக்கு ஒரு முறைதான் தானம் செய்யலாம் என்பது விதி. அதுவும் ரத்தம் நன்றாக இருந்தால் மட்டும். புழு எந்த விதியும் பார்க்காமல் வருடம் முழுக்க எடுத்துக்கொண்டே இருக்கிறது. ஏற்கெனவே மாதவிலக்கிலும் பிரசவத்திலும் ரத்தம் இழந்த உடம்பு, அரைவயிற்றுச் சாப்பாட்டில் அதை எப்படி ஈடுகட்டும்? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு. எல்லாவற்றுக்கும் புழுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் புழு இருக்கும்போது இரும்புச்சத்து மாத்திரை மட்டும் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

மண்டபம் சொன்ன பாடம்

விருதுநகர் 1985 வரை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்தச் சீமையிலிருந்தும் மற்ற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் மண்டபம் முகாமைத் தாண்டித்தான் கப்பல் ஏறினார்கள். தோட்டத் தொழிலாளர்களிடையே கொக்கிப்புழு பரவிக் கிடந்ததால், 1916இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு இலங்கையில் ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. பின்னர் மண்டபத்திலேயே புழு மருந்து கொடுத்து அனுப்பும் வழக்கமும் வந்தது. மருந்து கொடுத்ததும் புழு போனது. கழிப்பறை இல்லாத லயங்களில் அது திரும்பவும் வந்தது. நூறு வருடம் கழித்தும் அந்தப் பாடம் மாறவில்லை.

2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் இலவசமாகக் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் உண்டு. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அப்போது கொடுப்பதில்லை. உருளைப்புழு அதிகம் இருப்பது குழந்தைகளிடம். கொக்கிப்புழுவோ பெரியவர்களிடம்தான் கூடுதலாகத் தங்கும். நாற்பது வயதில் வயலிலும் ஆலையிலும் உழைப்பவர் இந்த வளையத்துக்கு வெளியே நிற்கிறார். அவருக்குத் தேதி குறிக்க வேண்டியது அவரும் அவர் குடும்பமும்தான்.

செய்ய வேண்டியது

சாத்தூர்ப் பெண்ணுக்கு மருத்துவர் அல்பெண்டசோல் கொடுத்து, மூன்று மாதத்துக்கு இரும்புச்சத்து மாத்திரையும் எழுதினார். ‘டீ குடித்த கையோடு மாத்திரை போடாதீர்கள், எலுமிச்சைச் சாறோடு போடுங்கள்’ என்றார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 10.8. பச்சரிசி ஆசை தானாக நின்றிருந்தது. இன்னும் 12ஐ எட்டவில்லை, மாத்திரை தொடர்கிறது.

ஆடு வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ‘ஆட்டு மருந்திலும் அல்பெண்டசோல் என்றுதானே எழுதியிருக்கிறது, அதையே ஒரு மூடி குடித்தால் என்ன?’ கூடவே கூடாது. பெயர் ஒன்றானாலும் அடர்த்தியும் சேர்மானமும் வேறு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனிதருக்கான மாத்திரை கிடைக்கிறது. கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ முதலில் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க வேண்டும்; முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும்.

வெடிவிபத்துக்குப் பயந்து பல ஆலைகளில் செருப்பை வாசலில் விட்டுத்தான் அறைக்குள் போக வேண்டும். அது அந்த அறைக்கான விதி. ஓடைக்கரைக்கும் ஆட்டுக்கொட்டகைக்கும் செருப்போடுதான் போக வேண்டும். மருந்து படிந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கக் கூடாது; ரசாயனத்துக்கும் அது நல்லது, புழு முட்டைக்கும் நல்லது. அரசு மானியத்தில் கட்டிய கழிப்பறையில் விறகும் உரமூட்டையும் அடுக்கி வைத்திருந்தால் அவற்றை வெளியே எடுக்க வேண்டும். தண்ணீர் தட்டுப்பாட்டு ஊர்களில் இதுதான் கஷ்டமான காரியம். ஆனாலும் புழு திரும்பி வராமல் தடுப்பது இதுதான்.

அசதி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் ரத்தமும் மலமும் ஒரு தடவை பரிசோதித்துவிடுவது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் காசு கிடையாது. அடுத்த முறை ஆட்டுக்கு மருந்து ஊற்றும் நாளில், வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் கீழ் இமையையும் வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.