மகாராணிக்குப் போன கறுப்புச் சரக்கு

லண்டனுக்குக் கிளம்பும்போது அம்மா ஒன்றுதான் சொன்னாள்: "உன் மாமனைப் போய்ப் பாரு. ஆனா அவன் கூப்பிடற இடத்துக்கெல்லாம் போகாதே!"

மூன்றாம் நாளே போனேன்.

மாமா 1972-ல் லண்டன் போனவர். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ரிடையராகி, தனிக்கட்டையாக இருக்கிறார். 1984-ல் பாட்டி இறந்தபோது வரவில்லை. "குடிச்சிட்டுக் கிடந்திருப்பான்" என்று ஊர் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டது. இன்றுவரை அப்பீல் இல்லை.

தேம்ஸ் நதிக்குத் தெற்கே சதர்க் பகுதி, பார்க் தெரு. கைத்தடியால் ஒரு பக்கத்தைக் காட்டினார் மாமா. "இங்கதான் மாப்ளே, ஆங்கர் ப்ரூவரி இருந்துச்சு."

இப்போது இல்லை, 1981-ல் இடித்துவிட்டார்கள். முதலாளி த்ரேல் இறந்ததும், 1781-ல் அந்த ஆலையை விற்றுக் கொடுத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமோ? அகராதி எழுதினாரே டாக்டர் ஜான்சன், அவரேதான்! விலை 1,35,000 பவுண்டு. அகராதி எழுத அவருக்குப் பேசிய கூலி 1,500 கினி. எந்தத் தொழிலில் காசு என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

1850-ல் ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்தார் ஆஸ்திரிய ஜெனரல் ஹைனாவ். கலகக்காரர்களைக் கொடுமைப்படுத்திய ஆசாமி இவர்தான் என்று தெரிந்ததும், தொழிலாளிகள் துடைப்பத்தால் விளாசித் துரத்தியிருக்கிறார்கள். அதற்கு ஒரு நினைவுப் பலகை வேறு!

இங்கிருந்துதான் ரஷ்யப் பேரரசிக்கு ஸ்டவுட் கப்பலேறியது. அவருக்கென்றே காய்ச்சியதாகச் சொல்லி நண்பர் கொடுத்ததைக் குடித்ததாக, 1796-ல் ஃபாரிங்டன் என்ற ஓவியர் டயரியில் குறித்திருக்கிறார். ஏழு வருஷம் கெடாதாம். ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவையும் ஆல்கஹாலையும் தாராளமாக ஏற்றினால் அப்படித்தான். 'இம்பீரியல்' என்ற பட்டம் வந்த கதை இது.

மெதுவாக நடந்து டபார்ட் தெருவில் ராயல் ஓக் என்ற பப்புக்குள் நுழைந்தோம். லூயிஸ் என்ற ஊரில் ஹார்வீஸ் கம்பெனி இன்னமும் பழைய பாணியில் காய்ச்சுகிற இம்பீரியல் ஸ்டவுட், ஒரே ஒரு சின்ன பாட்டில். சாதாரண பீரில் ஆல்கஹால் நாலு, ஐந்து சதவீதம்; இதில் 9.

விளக்குக்கு நேரே பிடித்தேன். வெளிச்சம் ஊடுருவவில்லை. நுரைகூட காப்பி நிறம். முகர்ந்தால் புதுச் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி. 'அம்மா சொன்னதைக் கேட்டிருக்கலாம்' என்று நினைத்துக்கொண்டே ஒரு வாய் உறிஞ்சினேன்.

தீபாவளி லேகியம்! சத்தியமாக. அதன் பின்னாலேயே அடிபிடித்த வெல்லப்பாகு, பேரீச்சம்பழம். நடுவில் சுரீரென்று ஒரு கீற்றுப் புளிப்பு. கடைசியில் முதல் டிகாக்ஷன் கசப்பு வந்து நாக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது, எழுந்திருக்கவே இல்லை. நெஞ்சுக்குள் மெல்ல ஒரு கணகணப்பு. டிகாக்ஷன் என்றது பிரமை அல்ல. 1817-ல் டேனியல் வீலர் என்பவர், காப்பிக்கொட்டை வறுக்கிற மாதிரி உருளையில் போட்டு மால்ட்டைக் கருக வறுப்பதற்குப் பேட்டன்ட் வாங்கினார். ஸ்டவுட்டின் கறுப்பு அப்படி வறுத்த மால்ட்டில் வருவதுதான்.

மாமா கால் கிளாஸோடு நிறுத்திவிட்டார்.

"என்ன மாமா, போதுமா?"

"இதைக் குடிச்சா அந்த நாள் ஞாபகம் வருது மாப்ளே. அப்ப கரேஜ் கம்பெனிக்காரன் போடுவான், 1993 வரைக்கும். பாட்டி போன தந்தி வந்த அன்னிக்கு ஒரு பாட்டில் வாங்கி முன்னால வெச்சுக்கிட்டு, பப் மூடற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பாதிகூட இறங்கலை."

"ஊருக்கு வந்திருக்கலாமே?"

"டிக்கெட்டுக்குக் கைல காசில்லைடா. போன மாசம்தான் இருந்ததையெல்லாம் வழிச்சு உங்க வீட்டு மாடி கட்ட அனுப்பியிருந்தேன். உங்கப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். தங்கச்சிகிட்ட சொல்லாதீங்கன்னேன்."

அந்த மாடியில்தான் நான் பத்தாவது பரீட்சைக்குப் படித்தேன். மீதி கிளாஸைப் பேசாமல் காலி செய்தேன்.

ராத்திரி மாமா வீட்டில் இருக்கும்போது அம்மா போன் பண்ணினாள். எடுத்த எடுப்பிலேயே, "குடிச்சானா?"

"கால் கிளாஸ். மீதி முக்கால் நான்தான்" என்றேன். திட்டு ஆரம்பிப்பதற்குள் மாடி விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று, "அம்மா... அம்மா..." என்றேன்.

"போனை அண்ணன்கிட்ட குடு" என்றாள்.