குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்

சென்னை பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரன் கோயிலைத் தெரியாத வண்டிக்காரர் இருக்க மாட்டார். புது பைக், புது கார் எதுவானாலும் முதல் எலுமிச்சம்பழம் அங்கேதான் நசுங்கும். வண்டிக்கு மெய்க்காவலாக சாமியே கூட வருகிறார், அதனால்தான் அந்தப் பெயர் என்று நம்புகிறவர்கள் நிறைய. பெயர் வந்த வழி வேறு. பிரிட்டிஷ் காலத்தில் சென்னை கவர்னருக்கென்று ‘கவர்னர்ஸ் பாடிகார்டு’ என்ற குதிரைப்படை இருந்தது. அதன் வீரர்கள் தங்கிய இடமும் குதிரை லாயங்களும் அந்தப் பக்கம்தான். 1778-ல் தொடங்கிய படை 1947-ல் கலைந்துவிட்டது. பெயர் மட்டும் சாமியிடம் தங்கிவிட்டது.

அந்தப் படையை எளாவூர் பக்கம், பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு குப்பத்தில் ஒருவர் மறுபடி திரட்டிக்கொண்டிருக்கிறார். வயது ஐம்பத்தைந்து. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. அவருடைய வீரர்களின் உயரம் 28 மில்லிமீட்டர்.

மினியேச்சர் வார்கேமிங் என்பார்கள். மேஜைமேல் மலை, ஆறு, ஊர் எல்லாம் செய்து வைத்து, பொம்மைப் படைகளை அளவு டேப்பால் அளந்து நகர்த்தி, தாயக்கட்டை உருட்டிப் பழைய போர்களைத் திரும்ப நடத்திப் பார்க்கும் விளையாட்டு. 19-ம் நூற்றாண்டில் பிரஷ்யா ராணுவ அதிகாரிகள் இதைப் பயிற்சியாகவே ஆடினார்கள். எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913-ல் இதற்கு ‘லிட்டில் வார்ஸ்’ என்று ஒரு விதிப் புத்தகமே போட்டார். யானை, தேர், குதிரை, காலாள் வைத்துச் சதுரங்கம் கண்டுபிடித்த நாட்டுக்கு இது ஒன்றும் அந்நியமில்லை. ஆனால் சதுரங்கக் குதிரைக்குச் சட்டைப் பொத்தான் கிடையாது. இங்கே பொத்தான் முக்கியம்.

இஞ்சினீயரிங் படித்த மகன் கொண்டுவந்த பழக்கம் இது. மகன் வேலை கிடைத்து ஓசூர் போய்விட்டான். அப்பா மாட்டிக்கொண்டார். பிள்ளைகள் பாதியில் விட்டதையெல்லாம் அப்பாக்கள்தானே முடிக்க வேண்டியிருக்கிறது!

அவர் எடுத்துக்கொண்டது 1817 நவம்பரில் நாக்பூரில் நடந்த சீதாபல்டி சண்டை. அதில் வங்காளக் குதிரைப்படை பாய்ந்தபோது சென்னை பாடிகார்டு வீரர்கள் சிலரும் கூடவே பாய்ந்தார்கள். இதற்காக அவர் படித்தது, ஒரு பட்டப்படிப்புக்குக் காணும். வாரன் ஹேஸ்டிங்ஸ் 1773-ல் காசியில் வெறும் 50 பேரோடு தன் மெய்க்காவல் படையைத் தொடங்கியது, காசி ராஜா சேத் சிங் இன்னும் 50 பேரைக் கொடுத்தது, அதுவே இன்று டெல்லியில் ஜனாதிபதிக்கு முன்னால் போகும் குதிரைப்படை என்பது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். 1947-ல் அந்தப் படையை இந்தியாவும் பாகிஸ்தானும் இரண்டுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டன. தங்க முலாம் பூசிய சாரட்டு யாருக்கு என்பதில் இழுபறி வர, நாணயம் சுண்டிப் போட்டார்கள். ஜெயித்தது இந்தியா. இந்தக் கதையை அவர் சொன்னால் கேன்டீனில் டீ ஆறிப்போகும்.

விளையாட்டில் இருபது பேருக்கு ஒரு பொம்மை என்று கணக்கு வைத்தால் 100 பேருக்கு ஐந்து பொம்மை போதும். அவர் ஆறு வாங்கினார். ஆறாவது, தாத்தாவுக்கு. அம்மாவின் அப்பா.

ஏரியின் முகத்துவாரம் மணல் மூடி, மீன்பாடு குறைந்த ஒரு காலத்தில் தாத்தா பட்டணத்துக்குப் போனார். கவர்னரின் குதிரைப்படையில் இருந்தார். படை கலைந்ததும் ஊருக்கே வந்துவிட்டார். கூடத்தில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. தலைப்பாகை, நீளக் கோட்டு, இடுப்பில் பட்டை, பக்கத்தில் ஆளுயரக் குதிரை. அந்த வீட்டுக்கு ஊரில் ‘கவர்னர் வீடு’ என்றே பெயர். பழவேற்காட்டில் எந்தத் துறையில் யார் வலை கட்டுவது என்பதைப் ‘பாடு’ என்ற முறையில் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்தில்கூட அவர்களைக் கூப்பிடுவது ‘கவர்னர் வீட்டாளுங்க’ என்றுதான்.

ஆறாவது பொம்மைக்குத் தாத்தாவின் காலத்து உடை வேண்டும். சென்னை மாகாணத்தின் மற்ற குதிரைப்படைகளுக்குப் பெயர் வாங்கித் தந்தது ‘பிரெஞ்சு கிரே’ என்கிற, நீலம் கலந்த சாம்பல் நிறம். கவர்னரின் பாடிகார்டுக்கோ சிவப்பு. அதுவரை சரி. பழைய அணிவகுப்புப் படங்களைப் பார்த்து மற்றதையும் எழுதினார். முழங்காலைத் தொடும் பூட்ஸ், குதிமுள், வாள், மார்பில் குறுக்கே ஒரு வார்.

பிறகு கூடத்துப் போட்டோவைக் கழற்றி விளக்கடியில் வைத்தார். வாள் இல்லை. குறுக்கு வார் இல்லை. குதிமுள் இல்லை. காலில் பூட்ஸே இல்லை. தாத்தா வெறுங்காலோடு நிற்கிறார். ஒரு கை கடிவாளத்தை வாயோரமாகப் பிடித்திருக்கிறது. சேணம் காலி. படம் எடுக்கப்பட்டது குதிரையை. அது அசையாமல் நிற்பதற்காகத்தான் தாத்தா அதற்குள் இருக்கிறார்.

குதிரைக்காரர். தேய்த்துக் குளிப்பாட்டி, கொள்ளு வைத்து, சாணி வாரி, வீரர் ஏறும்வரை பிடித்துக்கொண்டு நின்றவர். குதிரைப்படை என்றால் சவாரி செய்தவர்கள் மட்டுமில்லை. குதிரைக்காரர்களும் புல்லறுப்பவர்களும் இல்லாமல் எந்தப் படையும் ஒரு மைல் நகர்ந்ததில்லை. ஆனால் உடைகளைப் பற்றிய புத்தகங்களில் அவர்களுக்குப் பக்கம் ஒதுக்குகிறவர்கள் குறைவு.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. மூன்று மாதம் அவர் வாயைத் திறக்கவில்லை. “சொல்லாட்டி இன்னா கொறஞ்சிடப் போவுது?” என்றார் மனைவி. அதுவும் நியாயம்தான். ஆனால், ஒரு பொத்தான் தப்பாக இருந்தாலே பொம்மையைச் சுரண்டி மறுபடி பெயின்ட் அடிக்கிற மனிதர் அவர். தாத்தாவுக்கு மட்டும் தெரிந்தே பூட்ஸ் மாட்டிவிட அவரால் முடியவில்லை. ஐந்து பேர் மேஜையில் தயாராக நிற்க, ஆறாவது பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

ஒருநாள் அம்மாவே மேஜைப் பக்கம் வந்து குனிந்து பார்த்தார். “இதுல எங்க நைனா எதுடா?”

சொல்லிவிட்டார். பூட்ஸ் இல்லாதது, வாள் இல்லாதது, எல்லாவற்றையும்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. “தெரியாமயாடா இருக்கும்? ஊருக்கு வந்தப்புறம்கூட ராத்திரியில எழுந்து உக்காந்துனு, குதிரைக்குத் தண்ணி காட்டணும்னு சொல்லும். சவாரி போற ஆளு அப்டி சொல்லுமா? ஊருதான் கவர்னர்னுச்சு. எங்கம்மா இல்லைன்னு சொல்லல. பொண்ணுங்க மூணு பேரக் கட்டிக் குடுக்கணுமே!”

அப்புறம் அவர் கேட்காமலே இன்னும் சொன்னார். குதிரை மிதித்துத் தாத்தாவுக்கு இடது கால் கட்டைவிரலில் நகம் கிடையாது. வலை இழுக்கும்போது அந்தக் காலை ஊன்ற மாட்டார். போட்டோவில் இடது கால் புல்லுக்குள் மறைந்திருக்கிறது.

குதிரைக்காரர் பொம்மை எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. ஒரு காலாள் பொம்மையை எடுத்துத் துப்பாக்கியை அறுத்தார். பூட்ஸை ஊசி அரத்தால் தேய்த்து, பாதமும் விரலும் புட்டியில் செய்து ஒட்டினார். கடிவாளம் பிடிக்கும் கைக்கு மட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஆறாவது குதிரைமேல் வந்த வீரரைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டார்.

குதிரைக்குக் கறுப்பு என்று அவர் நினைத்திருந்தார். போட்டோவில் அப்படித்தான் தெரிகிறது.

“கறுப்பு இல்லடா, செவலை” என்றார் அம்மா. “நைனா அப்டிதான் சொல்லும். நெத்தியில மட்டும் வெள்ள.”

கறுப்பு பாட்டிலை மூடிவிட்டு, அவர் பழுப்பைத் திறந்தார்.