சுவருக்குள் ஒரு கூண்டு

மலேசியாவில் சரித்திரப் பாடம் படித்த யாருக்கும் 1511 என்ற எண்ணை விளக்கத் தேவையில்லை. மலாக்கா வீழ்ந்த ஆண்டு. எஸ்.பி.எம். முடிந்ததும் மறந்துபோன பல எண்களுக்கு நடுவில் இது மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. அந்தக் கப்பல்களை அனுப்பிய நகரத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. விடுப்பையெல்லாம் சேர்த்துவைத்து, பல்கலைக்கழகத் தோழன் ஒருவனோடு ஐந்து நாள் லிஸ்பனில் இருந்துவிட்டு வந்தேன்.

நான் சிவில் எஞ்சினியர். அதனால் முதலில் மயங்கியது பைஷா என்ற நகர மையத்தில்தான். நூல் பிடித்தாற்போல நேரான தெருக்கள், ஒரே உயரத்தில் கட்டடங்கள். இந்த ஒழுங்குக்குப் பின்னால் ஒரு பேரழிவு இருக்கிறது. 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள். தேவாலயங்கள் நிறைந்திருந்த காலையில் நிலம் அதிர்ந்தது. பிறகு கடல் ஏறி வந்தது. அதன்பின் பல நாள் தீ.

மறுபடியும் கட்டும் பொறுப்பு ராணுவப் பொறியாளர்களிடம் வந்தது. தலைமைப் பொறியாளர் மனுவெல் டா மையாவுக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது. அவர்கள் உருவாக்கியதுதான் ‘கையோலா’. கூண்டு என்று பொருள். கல்சுவருக்குள்ளே மரச்சட்டங்கள், அவற்றுக்குள் பெருக்கல் குறிபோலச் சாய்ந்த கட்டைகள். நிலம் ஆடும்போது கல் உதிர்ந்தாலும் மரக்கூண்டு வளைந்துகொடுத்து மாடியைத் தாங்கும். மாதிரி ஒன்றைக் கட்டி, சுற்றிலும் படைவீரர்களை நடைபோட வைத்து அதிர்வைச் சோதித்தார்கள் என்று சொல்வார்கள். தெருவில் நடக்கிறவருக்கு இந்தக் கூண்டு தெரியாது. பூச்சுக்குள் மறைந்திருக்கிறது.

மேட்டில் கார்மோ மடம் இருக்கிறது. அன்று விழுந்த தேவாலயக் கூரையை இன்றுவரை மூடவில்லை. கல் வளைவுகள் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. “விழுந்ததையே எவ்ளோ அழகா வெச்சிருக்கானுங்க பாரேன்,” என்றான் தோழன். தனக்கு நேர்ந்ததை மறக்காத நகரம் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் டிராம் பிடித்து ஆற்றோரமாக பெலேம் போனோம். ஜெரோனிமோஸ் மடத்தின் தூண்களில் கயிறும் கடல் உயிர்களும் கல்லாகப் பின்னிக்கிடக்கின்றன. பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த சரக்குகளின்மேல் போட்ட 5 விழுக்காடு வரியில் எழுந்த கட்டடம் அது. உள்ளே வாஸ்கோ ட காமாவின் கல்லறை. கொஞ்சம் தள்ளி, 1960இல் எழுப்பிய ‘கண்டுபிடிப்புகளின் நினைவுச்சின்னம்’. கப்பல் முனைபோன்ற கல்லில் வரிசையாக நிற்பவர்களில் அல்புகெர்க்கும் ஒருவர். முன்னால் தரையில், தென்னாப்பிரிக்கா பரிசளித்த பெரிய திசைகாட்டி, அதன் நடுவில் உலக வரைபடம். தோழன் நம் தீபகற்பத்தின்மேல் போய் நின்று, “ஒரு படம் எடுடா,” என்றான். எடுத்தேன். அவன் சப்பாத்துக்கு அடியில் பெர்லிஸ் முதல் ஜொகூர் வரை காணாமல் போயிருந்தது.

எனக்கு உறுத்தியது அங்கேதான். தன்மேல் விழுந்த இடியை இந்த நகரம் சுவருக்குள் கூண்டாக வைத்துக் கட்டியிருக்கிறது, கூரையில்லாத மடமாக நிறுத்தியிருக்கிறது. பிறர்மேல் இறக்கிய இடிக்கு அப்படி ஒன்றை நான் அங்கே பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் கப்பலும் திசைகாட்டியும் சிலையும்தான். மலாக்காவில் ஆ ஃபமோசா கோட்டை எழுந்தது பள்ளிவாசல்களிலிருந்தும் மன்னர் கல்லறைகளிலிருந்தும் பெயர்த்தெடுத்த கற்களால். பொறியியலில் ஒன்று இடிந்தால் விதிநூல் திருத்தப்படும். அப்போதுதான் பாடம் கற்றதாக அர்த்தம். 1755 விதிநூலைத் திருத்தியது. 1511 அஞ்சலட்டை ஆகிவிட்டது.

ஆனால் கோபத்தை முழுசாக அவர்கள்மேல் இறக்கிவைக்கவும் முடியவில்லை. போர்த்துக்கீசியர் ‘நினா சட்டு’ என்று எழுதிவைத்த வணிகர் ஒருவர் மலாக்காவில் இருந்தார். நம் கரையிலிருந்து போன இந்து. 1509இல் அங்கே சிறைப்பட்ட போர்த்துக்கீசியருக்கு உதவியவர். வென்றதும் அல்புகெர்க் அவரைப் பெண்டகாராவாக ஆக்கினார். 1514இல் பதவியைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்தபோது, அவமானம் தாங்காமல் வாசனைக் கட்டைகளை அடுக்கி அந்தத் தீயில் இறங்கினார் என்று போர்த்துக்கீசிய வரலாற்று நூல்களே சொல்கின்றன. எங்கள் பாடநூலில் சுல்தானும் அல்புகெர்க்கும் மட்டும் இருந்ததாகத்தான் ஞாபகம். தரை வரைபடத்தில் நம்மவர் யாரும் இல்லையே என்று கேட்கும் நாம், நம் வரைபடத்திலும் அவரை வரையவில்லை. உதவியவரும் எரிந்தவரும் ஒரே ஆள் என்பது எந்தப் பக்கத்துக் கதைக்கும் வசதியாக இல்லை.

லிஸ்பன் அழகான ஊர். போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். முட்டைத் தார்ட்மேல் இலவங்கப்பட்டைத் தூள் தூவித் தருவார்கள், தாராளமாகச் சாப்பிடுங்கள். அந்தப் பட்டைக்காக அவர்கள் இலங்கை வரை போனதையும் கூடவே நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: முதல் நாளே பெலேம் போகாதீர்கள். கார்மோவுக்குப் போய், கூரையில்லாத அந்த நடுக்கூடத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஒரு நகரம் தன் இழப்பை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்ள முடியும் என்று தெரிந்த பிறகு பெலேம் பார்ப்பது வேறு அனுபவம்.